அடக்க வண்டிக்கு நான்கு டயர்

1997 அக்டோபர் 6, திங்கள்

மேற்கே மூட்டம். மழை இல்லை. புழுக்கம் தாங்கவில்லை.

தெருவில் சொல்வது தவறு. நான் அடக்க வண்டியில் படுத்துக்கொண்டு போகவில்லை. உட்கார்ந்து போனேன். முதுகு நேராக, இடது கையில் குடை, வலது கையில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர். பாலத்திலிருந்து கல்லறைத் தோட்டம் வரை, வாய்க்கால் கரை வழியாக. படுத்துக்கொண்டு டம்ளரை எப்படிப் பிடிப்பது? இதைக்கூட யோசிக்காமல் பேசுகிறார்கள்.

பால் வாங்கும் இடத்தில் காதில் விழுந்தது: “பெரியம்மா ஒத்திகை பாக்குதாவ.” சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன். நின்றது.

எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரரைக் கல்லறைக்கு, வாழைத்தார் ஏற்றும் வேனில் கொண்டு போனோம். கரையில் குழி. பெட்டி மூன்று முறை இடித்தது. அவர் தங்கை ஞானம் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: “பைய ஓட்டும்வே, அண்ணனுக்கு வலிக்கும்!” யாரும் சிரிக்கவில்லை.

மறு மாதமே தச்சநல்லூர் பட்டறையில் சொல்லி இரண்டு சக்கர இழுவை வண்டி ஒன்று செய்தேன். கறுப்புப் பெயின்ட், நான்கு பக்கமும் கம்பி, மேலே கூரை. எங்கள் சபைச் சேகரத்துக்கு அடக்கக் காரியத்துக்கென்று கொடுத்துவிட்டேன். அதை இழுப்பது, அன்று பழுதாகிக் கிடந்த அவருடைய பிக்கப். பிக்கப்பை யாருக்கும் கொடுக்கவில்லை. அது என்னுடையது. ஓட்டுவது ஆறுமுகம், இருபது வருடமாக.

இப்போது பிக்கப்பின் பின் டயர் இரண்டும் இழுவை வண்டியின் டயர் இரண்டும் மொட்டை. மழை பிடித்தால் கரையில் நிற்காது. வேண்டியவை: சேற்றில் பிடிப்பு. தார் ரோட்டில் குலுங்காமை. பளு இழுக்கும் வலு. மூன்றும் ஒரே டயரில். சேகரக் கமிட்டிச் செயலாளர் தங்கராஜ் சொல்வது ரீபட்டன், அதாவது தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் ஒட்டுவது. 19ஆம் தேதி கமிட்டி. அதற்கு முன் என் முடிவு தயாராக இருக்க வேண்டும்.

கான்வென்ட்டில் அறிவியல் சோதனைக் குறிப்பு எழுதிய பழக்கம் போகவில்லை.
செய்தது: மேலே சொன்ன டம்ளர் பயணம்.
கண்டது: பாதி வழியிலேயே டம்ளர் காலி. புடவை முன்பக்கம் நனைந்தது. பல் ஆடியது.
முடிவு: பழைய டயர் ஆகாது.

அக்டோபர் 8, புதன்

வெயில். காலையில் மாத்திரை மறந்தேன்.

பிக்கப்பில் தச்சநல்லூர். டயர் கடை அண்ணாச்சி, பனியன் மேல் துண்டு, கையெல்லாம் கரி.

“ஆருக்கும்மா டயரு, மகனுக்கா?”

“எனக்கு. அடக்க வண்டிக்கு.”

உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது. அண்ணாச்சி ஆறுமுகத்தைப் பார்த்தார். ஆறுமுகம் கூரையைப் பார்த்தான்.

“அதுல போறவுகளுக்குக் குலுங்கினா என்ன, குலுங்காட்டா என்னம்மா?”

“கூட உக்காந்து வாறவங்களுக்குக் காது இருக்கு அண்ணாச்சி.”

 அண்ணாச்சி தானே ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மூன்று டயரை உருட்டி வந்து என் முன்னால் நிறுத்தினார்.

முதலாவது, ஆழமான பெரிய பட்டன், அதாவது மேல் ரப்பரில் கட்டி கட்டியாக நிற்பது. “சேத்துல எருமை மாதிரி போவும். தாருல ஏறினா இரைச்சல் காதைப் பிளக்கும். நீங்க பாட்டுப் பாடிட்டுல்லா போவிய? ஒரு வரி கேக்காது.” இரண்டாவது, நேர்க்கோடு. “தாருல வெண்ணெய். உங்க கரையில வழுக்கி அப்படியே வாய்க்கால்ல எறக்கிரும்.” மூன்றாவது ரேடியல். நடுவில் சின்னச் சின்னப் பட்டன் நெருக்கமாக, ஓரத்தில் இடைவெளி விட்டு. மலைக்குப் போகும் ஜீப்புக்காரர்கள் கேட்டு வாங்குவதாம். “இது ரெண்டுங்கெட்டான்மா.”

விரலை விட்டுப் பார்த்தேன். ஓரத்துப் பள்ளத்தில் என் சுண்டு விரல் பாதி இறங்கியது. நடுப் பட்டன்களை உள்ளங்கையால் தடவினால் மேடு பள்ளம் அதிகம் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடி மாற்றி, பக்கத்தில் எழுதியிருந்த பளு அளவைப் படித்தேன். அண்ணாச்சியைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். ஒத்துப் போனது.

நான் எட்டு பிளைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பிளை, அதாவது உள் அடுக்கு, கூடினால் டயர் கெட்டி, பளு தாங்கும். அண்ணாச்சி தலையை ஆட்டினார். “கனம் இழுக்கணும்னா கெட்டி வேணும்ங்கிய. குலுங்கக் கூடாதுன்னா மெது வேணும்ங்கிய. ரெண்டையும் அளவா கேளுங்க. ஆறு பிளை போதும்.”

நம்பவில்லை. அவருக்கு அது புரிந்தது. “என் ஜீப்புல கெடக்கதையே கழத்தித் தாரேன். ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க. புதுசு மதுரையில இருந்து வரணும்.”

ஜீப்பைக் கல் மேல் நிறுத்திவிட்டு நான்கையும் கழற்றிக் கொடுத்தார். முன்பின் தெரியாத மனிதர். ஆறுமுகம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்: “அண்ணாச்சி உங்களைப் பாத்துப் பயந்துட்டாரும்மா.”

அக்டோபர் 11, சனி

காற்று. மழை வரும் போல் வந்து போய்விட்டது.

செய்தது: அண்ணாச்சியின் டயர் நான்கும் மாட்டி ஓட்டம். பெட்டிக்கும் உள்ளே இருப்பவருக்கும் ஈடாக இரண்டு நெல் மூட்டை.
கண்டது: குலுங்கியது! டம்ளரில் முக்கால்வாசி போயிற்று.

காரணம் டயர் அல்ல. ஆறுமுகம் லாரிக்கு அடிப்பது போல் காற்று அடித்திருந்தான். சாக்பீஸால் டயரின் குறுக்கே கோடு போட்டு, நூறு அடி ஓட்டச் சொன்னேன். நடுவில் மட்டும் கோடு அழிந்திருந்தது, ஓரங்களில் அப்படியே. டயர் நடு வயிற்றில் மட்டும் நிற்கிறது என்று பொருள். காற்றைக் குறைத்து மறுபடி கோடு. மறுபடி ஓட்டம். ஐந்தாவது தடவை கோடு முழுவதும் ஒரே மாதிரி அழிந்தது. டம்ளரில் ஒரு விரற்கடை மட்டும் குறைவு. எனக்குப் பெருமை. முகத்தில் காட்டவில்லை.

ஆறுமுகம் தலையைச் சொறிந்தான். “அம்மா, பெட்டியோட நாலு பேரு ஏறுவாவளே. அவிய கனம் எங்க?”

சரிதான். பெட்டிக்கு இருபுறமும் வீட்டார் இருவர் இருவராக, பெட்டி மேல் கை வைத்து உட்கார்ந்து போவது எங்கள் வழக்கம். நான் இறந்தவரை மட்டும் நிறுத்துப் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருப்பவர்களை விட்டுவிட்டேன். தவறு என்னுடையது. ஆறுமுகத்திடமே சொன்னேன். அவனுக்குத்தான் கூச்சம்.

டீக்கடையில் இருந்த நான்கு பேரை ஏறச் சொன்னோம். ஒருவரும் வரவில்லை. “உசுரோட அதுல ஏற மாட்டோம்வே,” என்றான் ஒருவன், ஆறுமுகத்திடம். போன அடக்கத்தில் ஏறி வந்தவன்தான் அவன். பிணம் இருந்தால் ஏறுவார்களாம், இல்லாமல் ஏற மாட்டார்களாம்!

மணல் மூட்டை ஏற்றினோம். டயர் பக்கவாட்டில் பிதுங்கியது. காற்றைக் கொஞ்சம் கூட்டினோம். சாக்பீஸ் கோடு சமம். ஆறு பிளை தாங்குகிறது. அண்ணாச்சி சொன்னது சரி, நான் சொன்னது தவறு. ஆள் இருந்தால் எவ்வளவு காற்று, இல்லாவிட்டால் எவ்வளவு என்று வண்டியின் உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் எழுதிவிட்டேன்.

விரல் நகத்தில் பெயின்ட் போகவில்லை. மண்ணெண்ணெய் தேட வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் தங்கராஜ். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா.

“பெரியம்மா, டயரு விஷயத்த ஆம்பளையளு பாத்துக்கிடுதோம். நீங்க எதுக்கு இந்த வயசுல தச்சநல்லூருக்கும் ஊருக்குமா அலையுதிய?”

“அந்த வண்டியில எத்தன தடவ உக்காந்திருக்க தங்கராஜு?”

“நான் முன்னால மோட்டார் பைக்குலல்லா போவேன். வழி விடச் சொல்லணும்லா.”

“அதான் கேட்டேன்.”

பின்னால் யாரோ இருமினார்கள், சிரிப்பை மறைக்க. தங்கராஜ் காது சிவந்தது. “ரீபட்டன் எல்லா பஸ்ஸுலயும் ஓடுது. எங்க மச்சினன் கடையில நல்லாப் போட்டுத் தாரான்.”

பஸ்ஸில் ஓடுவது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் ஒட்டுப் போட்ட டயர் கனம். வட்டம் சரியாக இராது. லேசான இழுவை வண்டியில் போட்டால் தவளை மாதிரி தத்தும். சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவன் வாட்ச்சைப் பார்த்தான்.

அவன் பிறந்தபோது தொட்டில் சேலை கொடுத்தது நான்.

அக்டோபர் 15, புதன்

இரவெல்லாம் மழை. கரை முழுக்கச் சேறு. எழுத்து கோணல். இருந்தாலும் இன்றே எழுத வேண்டும்.

காலை ஏழு மணிக்கு ஞானம் துவைக்கும் கல்லடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்புப் பக்கம். கால் வெளிப்புறமாகத் திரும்பிக் கிடந்தது. வாடகைக் கார் பாலம் வரை வந்து நின்றுவிட்டது, கரையில் இறங்க மாட்டேன் என்று. நாற்காலியில் தூக்கப் பார்த்தார்கள். அவள் போட்ட சத்தத்தில் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டார்கள். மடக்கி உட்கார வைக்க முடியாது. நீளமாகத்தான் கிடத்த வேண்டும்.

“அடக்க வண்டிய எடு, ஆறுமுகம்.”

 முற்றத்தில் யாரோ ஒருத்தி, “உசுரோட இருக்கவளையா?” என்றாள்.

தரையில் கிடந்த ஞானம் கண் திறந்தாள். “மதினி, எனக்கு வேற வண்டி கெடைக்கலியா?”

“இதுதான் குலுங்காது. பேசாம இரு.”

கதவுப் பலகையைக் கழற்றி, அதன் மேல் மெத்தை, காலுக்கு இருபுறமும் தலையணை, என் பழைய புடவையால் கட்டு. உள்ளே ஞானம், அவள் மருமகள் மேரி, நான். மூன்று பேர். உள்பக்கம் எழுதியிருந்த இரண்டு அளவுக்கும் நடுவாகக் காற்றை வைக்கச் சொன்னேன்.

டம்ளர் எடுத்துப் போகவில்லை. அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கரையில் ஒரு தடவை பிக்கப்பின் பின்பக்கம் வாய்க்கால் பக்கம் இழுத்தது. மேரி “ஏசுவே” என்றாள். அடுத்த நொடி டயர் மண்ணைப் பிடித்துக்கொண்டது. அந்தக் குழி இருக்கும் இடம் எனக்குத் தெரியும். கம்பியை இறுகப் பிடித்தேன். வண்டி இறங்கி ஏறியது. இடிக்கவில்லை.

தார் ரோட்டில் இரைச்சல் இல்லை. அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

சீவலப்பேரி பஸ் நிறுத்தத்தில் பெண்கள் கறுப்பு வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். ஒருத்தி தலையில் முந்தானையைப் போட்டாள். “ஞானமா? ஐயோ, ஞானம் போயிட்டாளா?” அழுகை ஆரம்பம். ஞானம் தலையைத் தூக்கினாள். “ஏட்டி, நான் எங்கயும் போவல! ஆஸ்பத்திரிக்குப் போறேன்!” அழுதவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஞானம் சிரித்தாள். நானும். உடனே வலி வந்து அழுதாள். கையைப் பிடித்துக்கொண்டேன். பாளையங்கோட்டை வரை விடவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

ஆஸ்பத்திரி. வெளியே தூறல். ஆபரேஷன் முடிந்தது, தகடு வைத்திருக்கிறார்கள். எலும்பு மேற்கொண்டு விலகாமல் கொண்டு வந்தது நல்லது என்றார் டாக்டர். எதில் வந்தாள் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார்.

வாங்க வேண்டியது: சோப்பு, பிளாஸ்க், மேரிக்குச் செருப்பு (சேற்றில் ஒன்று போய்விட்டது).

சாயங்காலம் ஞானம் கண் மூடியபடியே சொன்னாள்: “அன்னைக்கு அண்ணனுக்கு இந்த டயரு இருந்திருக்கலாம் மதினி.”

 கண்ணாடியைத் துடைத்தேன். இதைக் கமிட்டியில் சொல்ல மாட்டேன். அவர்களுக்குச் சொல்ல வேறு நியாயங்கள் இருக்கின்றன.

அக்டோபர் 19, ஞாயிறு

மழை விட்டு விட்டு.

கமிட்டி கூடியது. என்னைக் கூப்பிடவில்லை. மதியம் மணி அடிக்கும் சாமுவேல் குடையோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“செயலாளர் சொல்லச் சொன்னாவம்மா. செவ்வாக்கெழம ரீபட்டன் மாட்டப் போறாவளாம். உசுரோட ஆள ஏத்தினதுல வண்டிக்கு மரியாத போச்சாம். இனிமே வண்டிப் பூட்டுச் சாவி அவியகிட்டதான் இருக்குமாம்.”

“எழுதித் தந்தாங்களா?”

“இல்லம்மா. வாயாலதான் சொன்னாவ.”

“யாரு யாரு ஒத்துக்கிட்டாங்க?”

சாமுவேல் குடையை மடக்கினார், விரித்தார். “எல்லாரும் தரையப் பாத்துட்டு இருந்தாவ.”

மரியாதை! பெட்டி இடித்தபோது போகாத மரியாதை, ஒருத்தி பிழைத்ததில் போய்விட்டதாம். சாப்பிடப் பிடிக்கவில்லை. பிறகு பசித்தது. இரண்டு தோசை.

அக்டோபர் 20, திங்கள்

வெளுத்திருக்கிறது. கடிதம் எழுதி சாமுவேல் கையிலேயே கொடுத்தேன். நகல் இங்கே.

சேகரக் கமிட்டிச் செயலாளர் அவர்களுக்கு,

இழுவை வண்டி உங்களுடையது. அதில் எந்த டயர் மாட்டுவது என்பது உங்கள் உரிமை. பிக்கப் என்னுடையது. ரீபட்டன் மாட்டிய வண்டியை அது இழுக்காது. வேறு வண்டி தேடிக்கொள்ளலாம்.

தச்சநல்லூர் கடையில் ஆறு பிளை ரேடியல் நான்கு சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் வரும். பிக்கப்புக்கு இரண்டு, இழுவை வண்டிக்கு இரண்டு. வண்டிக்கானதைக் கமிட்டி ஏற்கவில்லையென்றால் என் வீட்டில் இருக்கும். பூட்டுச் சாவி இரண்டில் ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். மற்றது என்னிடமே இருக்கும்.

கரைக்கு அப்பால் நாற்பது வீடுகள். மழைக் காலம் இன்னும் இரண்டு மாதம். அடுத்து ஒருவர் எழுந்து உட்கார முடியாமல் விழுந்து கிடந்தால், அவரை எதில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று கமிட்டி நினைக்கிறது? வண்டியின் பெயரைக் குறிப்பிடவும். ஒத்துக்கொண்ட உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்திடவும்.

ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டாம். பதிலை எழுத்தில் தரவும்.