நடந்ததால் நீ சாகவில்லை

பீரோவைத் திறந்து உன் பைனாகுலர் உறையை எடுத்தேன். பூஞ்சணம் பிடித்த ரெக்சின் வாசனை. ஓரத் தையலில் உப்பும் சேறும் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கின்றன. துடைக்கப் போன துணியை வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நேற்று உன் முதலாண்டு நினைவுத் திருப்பலி. அங்கே நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பதினெட்டு வருடம் நாம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பாசஞ்சர் ரயிலில் வேலைக்குப் போனோம். ஜன்னலோரம் உனக்கு. ஏரி வரும்போதெல்லாம் என் தொடையில் தட்டுவாய். நான் திரும்புவதற்குள் நாரையும் போய்விடும், ஏரியும் போய்விடும். "ஒரு நாளாவது எறங்கி, நடந்து, நின்னு பாக்கணும்டி" என்பாய். பணி ஓய்வுக்கு முன்பே உன் இதய வால்வு கெட்டுப்போனது. தெருமுனைக்கு மேல் நடக்கக் கூடாது என்றார் டாக்டர். தெருமுனைவரைகூட வேண்டாம் என்றார் உன் அண்ணன்.

நீ போவதற்கு முந்தைய அக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றாய். மரக்காணம் பஸ் ஏறினோம். அந்தக் கடற்கரைப் பக்கம் இருவருமே அதுவரை கால் வைத்ததில்லை. உப்பளத்து வரப்பில், முகத்துவாரத்தை நோக்கி நடந்தோம். கொஞ்ச தூரம் நடப்பாய், வரப்பில் உட்காருவாய், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி எழுவாய். பாதி வழியில் உன் உதடு நீலம் பாய்ந்தது. உன் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"திரும்பிடலாம்டி, பயமா இருக்கு."

"போனாலும் இவ்ளோ தூரம், திரும்புனாலும் இவ்ளோ தூரம். போவோம் வா."

புதிதாக வந்த இறால் பண்ணையின் வேலி கரைவரை நீண்டிருந்தது. காவல்காரர் கம்போடு வந்தார்.

"லேடீஸ் ரெண்டு பேரு இங்க இன்னாம்மா பண்றீங்க? இது பிரைவேட்டு."

"பறவ பாக்க வந்தோம்" என்றாய் நீ.

"ஊர்ல இல்லாத பறவையா?"

"ஊர்ல இல்லாத பறவதான்யா. ரஷ்யாலருந்து பறந்து வந்துக்கினு இருக்கு. அதுங்ககிட்ட பாஸ் கேட்டியா நீ?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலிக்கும் தண்ணீருக்கும் நடுவில் மீனவப் பெண்கள் போகும் ஒற்றையடிப் பாதையைக் கம்பால் காட்டினார். "ஜல்தி போய்ட்டு வந்துடுங்க, சூப்பர்வைசர் வந்தா பேஜாரு" என்றார். உன்னால் ஜல்தியாக எதையும் செய்ய முடியாது என்பது அவருக்குத் தெரியாது.

முகத்துவாரத்து மணல்திட்டு பழுப்பாகத் தெரிந்தது. பாதித் திட்டு மணல் இல்லை, உள்ளான் பறவைகள். வானத்தில் பருந்து ஒன்று தாழ்ந்து வந்ததும் ஆயிரக்கணக்கில் ஒன்றாக எழுந்தன. ஒரு பக்கம் திரும்பினால் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. சிறகுச் சத்தம் மழை வருவதுபோல் நம் தலைக்கு மேல் கடந்தது. நீ பைனாகுலரை எடுக்கவேயில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேற்றில் இறங்கி நின்றாய். வெகுநேரம் உட்காராமல் நின்றாய்.

"போதும்டி. இனிமே என்னய எவ்ளோ நாளு வேணா கட்டிப்போடட்டும்" என்றாய்.

கட்டித்தான் போட்டார்கள். சேற்றுக் காலோடு உன்னை வீட்டில் விட வந்தபோதே உன் அண்ணன் என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டினார். உன் போனை வாங்கி வைத்துக்கொண்டார். ஒன்பது மாதம் கழித்து, ஜூலையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ போனாய்.

நேற்று பூசை முடிந்து எல்லோரும் காபி குடிக்கும்போது அவர் சத்தமாகச் சொன்னார்: "அந்த நடதான் எந்தங்கச்சியக் கொன்னுது. இட்டுக்கினு போனவங்க இதோ நிக்கறாங்க."

போன வருடமென்றால் தலை குனிந்திருப்பேன். உன் அடக்கத்தன்று குனிந்துதான் நின்றேன். ஓராண்டு முழுக்க, உண்மையாக இருக்குமோ என்று புழுங்கிச் செத்திருக்கிறேன். நேற்று டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, அவ நடந்த அன்னிக்குச் சாகல. நீங்க படுக்க வெச்ச ஒம்பது மாசமும் படுத்துக்கினு இருந்து செத்தா. அந்த ஒரு நாள அவளுக்குக் குடுத்ததுக்கு நான் யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டேன். இன்னொருவாட்டி கேட்டிருந்தா இன்னொருவாட்டியும் இட்டுக்கினு போயிருப்பேன்."

அவர் கண் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் நீ தங்கைதான். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் சொன்னதை நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

கேட்டருகில் உன் அண்ணி ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "அக்கா, அன்னிக்கு வந்து எங்கிட்ட மட்டும் சொன்னாங்க. அந்தப் பறவைங்க எப்டி எழுந்துச்சு, எப்டித் திரும்புச்சுன்னு ரெண்டு கையயும் ஆட்டி ஆட்டிக் காட்டுனாங்க. கடசிவரைக்கும், நான் கேட்டப்பல்லாம் காட்டுனாங்க."

எனக்குத் தெரியாத ஒன்பது மாதத்தை அவர் எனக்குக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த வருஷம் போனீங்கன்னா நானும் வர்றேன்" என்றார்.

"அண்ணன் கேட்டா?"

"கேக்கட்டும்."

எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். என்னிடம் நீ விட்டுப்போனது துக்கம் மட்டுமில்லை. வேண்டாம் என்பவர்கள் முன்னால் நிமிர்ந்து நிற்கும் முதுகு. அறுபது வயதில்தான் எனக்கு அது முளைத்திருக்கிறது. அக்டோபரில் நாங்கள் போகிறோம். வீட்டில் பொய் சொல்லிவிட்டு அல்ல, சொல்லிவிட்டே போகிறோம்.