அந்த ஈரம் உன்னுடையது இல்லை, அக்கா

அன்பு அக்கா பாக்கியத்துக்கு, உன் கொழுந்தன் பெண்டாட்டி அஞ்சலை எழுதுவது.

நீ உயிரோடு இருந்தபோது 'அன்பு' என்ற சொல்லை உனக்கு நான் ஒருநாளும் கொடுத்ததில்லை. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தோம், ஒரே தோட்டத்து லயத்து வீடுகளில் அடுத்தடுத்த கதவில் இருந்தோம், ஒரே நிரையில் ரப்பர் பால்மரம் வெட்டினோம். அப்படியும் கொடுக்கவில்லை. இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும் படித்தவள். எழுத்துப் பிழையை மருமகள் மலர் திருத்துவாள். விஷயத்தைத் திருத்தக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். இதைப் பேப்பரில் உன் நினைவஞ்சலிப் படத்துக்குக் கீழே போடக் கேட்டிருக்கிறேன். உன்மேல் பழி சொன்னது நாலு பேர் நடுவில். அதைத் திரும்ப எடுப்பதும் நாலு பேர் பார்க்கத்தான்.

நம் வண்டியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் மகன் சேகர் லோரி ஓட்டுகிறவன். கோலா சிலாங்கூரிலிருந்து கலும்பாங் பக்கம் நம் பழைய தோட்டத்து அம்மன் கோயிலுக்குப் போய்வருவதற்குள் நாம் இரண்டு கிழவிகளும் படும் பாட்டைப் பார்த்தான். உனக்கு இனிப்பு நீர் வியாதி, அரைமணிக்கு ஒருதரம் இறங்க வேண்டும். எனக்கு முட்டி மடங்காது, பெட்ரோல் போடுகிற எண்ணெய்க் கடைக் கக்கூஸில் குந்த முடியாது. அதனால் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே வைத்த பழைய வண்டி ஒன்றை வாங்கினான். கழிவு போய் நிற்க அடியில் ஒரு தொட்டி. அந்தத் தொட்டியைக் கழுவ, வண்டியின் பக்கவாட்டில் ஹோஸ் மாட்டுகிற வாய் ஒன்று. குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் சுவருக்குள் ஏறி இறங்கி, தொட்டிக்குள் நாலாபக்கமும் பீய்ச்சும்.

கோயிலுக்குப் போகிற வண்டியில் பழைய அசுத்தம் இருக்கக் கூடாது என்பது என் சட்டம். கோயில் நாள் காலையில் சேகர் தொட்டியைத் திறந்து வடித்துவிட்டு, ஹோஸ் மாட்டிக் கழுவுவான். "குழாயை முழுசாத் திறடா" என்று பக்கத்தில் நின்று நான்தான் சொல்வேன். கடற்கரைக்கோ சம்பந்தி வீட்டுக்கோ போனால் நான் கழுவச் சொன்னதில்லை. அதற்கெல்லாம் நீயும் வந்ததில்லை. ஆக, கோயில் நாளில் மட்டும் கழுவல், கோயில் நாளில் மட்டும் நீ, கோயில் நாளில் மட்டும் தரையில் ஈரம். எனக்கு ஒன்றுதான் கண்ணில் பட்டது. நீ.

முதல்தடவை புக்கிட் செந்தோசா தாண்டி வண்டி மேடு ஏறும்போது, கக்கூஸ் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து என் காலைத் தொட்டது. நீ அப்போதுதான் உள்ளேயிருந்து வந்து உட்கார்ந்திருந்தாய்.

"நான் இல்லடி அஞ்சல. என் சேலையத் தொட்டுப் பாரு, காஞ்சு கெடக்கு" என்றாய்.

நான் தொட்டுப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று இப்போது கேட்டால் என்ன சொல்வேன்? கல்யாணமான புதிதில் என்னைப் பார்க்க பஸ் ஏறி வந்த என் தாயிடம், பானையில் சோறு இருக்கும்போதே இல்லை என்று சொல்லி அனுப்பினாயே. அவள் பசியோடு திரும்பிப் போனாள். அன்றைக்கு நீ கட்டியிருந்த சேலையின் கரைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. அது தனி. ஆனால் வண்டியில் அந்த ஈரத்தைப் பார்த்தபோது எனக்கு அருவருப்பைவிட சந்தோஷம்தான் அதிகம், அக்கா. அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதமே பொய்.

அடுத்த பயணத்தில் உன் இருக்கையில் பிளாஸ்டிக் விரித்தேன். அதற்கடுத்த தடவை, பெரியவர்கள் கட்டும் டயப்பரை எல்லாரும் பார்க்க உன் மடியில் போட்டேன். நீ அதைச் சேலை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டாய்.

போன ஆடித் திருவிழாவை எப்படி எழுதுவது? குடும்பப் பொங்கல் பானையில் முதல் கை அரிசி மூத்த மருமகள் போடுவது. நம் மாமியார் கையால் உனக்கு வந்த உரிமை. நீ கை கழுவி, அரிசியை அள்ளிக்கொண்டு பானைப் பக்கம் வந்தாய். பங்காளிகள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள்.

"நில்லுக்கா. வண்டியிலயே போயிட்டு ஈரத்தோட வந்திருக்க. நீ வைக்காத, நான் போடுறேன்" என்றேன்.

ஒரு சின்னப் பெண் சிரித்தாள். நீ கையிலிருந்த அரிசியை, ஒரு மணி சிந்தாமல், தட்டில் திரும்பக் கொட்டினாய். பிறகு வெளியே போய், எல்லாரும் செருப்பு விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தாய். பொங்கலைக் கொண்டுபோய்க் கொடுத்த மலரிடம் தண்ணீர்கூட வேண்டாம் என்றாயாம்.

அன்றோடு நீ தண்ணீர் குடிப்பதை விட்டாய். முதலில் பயண நாளில் மட்டும். பிறகு வீட்டிலும். மாத்திரைக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான். உனக்குக் கொடுத்த தேத்தண்ணி பூச்சட்டி மண்ணில் கொட்டிக் கிடப்பதை மலர் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "வயசானா அப்படித்தான் இருக்கும், விடு" என்று நான் வேலையைப் பார்த்தேன்.

நீ காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தமிழ் டாக்டர் பெண் என்னைத்தான் கேட்டாள், பாட்டி தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கிறார்களா என்று. குடிக்கிறார்கள் என்று சொன்னேன். பூச்சட்டி எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். மூத்திரக் கிருமி கிட்னிக்கு ஏறிவிட்டது, உடம்பு வறண்டு கிடக்கிறது என்றாள். நாலாம் நாள் நீ போய்விட்டாய். தண்ணீர் குடித்திருந்தால் நீ இருந்திருப்பாயா? டாக்டரிடம் இதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் காரியமெல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து, உன் பேரில் அன்னதானத்துக்குச் சொல்லிவர கலும்பாங் புறப்பட்டோம். வழக்கம்போல் தொட்டியைக் கழுவச் சொன்னேன். வண்டியில் சேகர், மலர், நான். கக்கூஸுக்குள் யாரும் போகவில்லை. அதே மேட்டில் அதே கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது.

மலர் என் முகத்தைப் பார்த்தாள். "இப்ப யாரு அத்தை போனது?"

சேகர் வண்டியை ஓரம் கட்டினான். கோயிலுக்குப் போகவில்லை. திரும்பிவிட்டோம்.

மறுநாள் சேகர் ஒவ்வொன்றாகப் பார்த்தான். கக்கூஸ் கிண்ணத்துக்கு அடியிலுள்ள ரப்பர் போயிருக்கும் என்று நினைத்து, கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தான். தரை காய்ந்தே கிடந்தது. கைகழுவும் குழாயைத் திறந்து பார்த்தான், அதிலும் ஒன்றுமில்லை. கடைசியில் தொட்டி கழுவுகிற ஹோஸை மாட்டி, நான் சொல்கிற மாதிரி முழுசாகத் திறந்தான். சுவர்ப் பலகைக்குப் பின்னால் சொட்டுச் சத்தம் கேட்டது.

வண்டி செய்கிற ஒர்க்‌ஷாப்காரர் வந்து பலகையைக் கழற்றினார். தொட்டி அழுக்கு திரும்ப ஏறி வராமல் இருக்க, அந்தக் குழாய் மேலே ஏறி இறங்கும் இடத்தில் பிளாஸ்டிக் வால்வு ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் பருமன்தான். அதில் மயிரிழையாக விரிசல். அதிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் சுவருக்கு அடியில் தேங்கி நிற்கும், வண்டி மேடு ஏறும்போது வெளியே வரும். உள்பக்கப் பலகை கறுத்து, விரலால் குத்தினால் உதிர்ந்தது.

"பழைய ஒழுகல்மா இது. டேப்ப ஃபுல்லாத் தொறந்தா இந்த வால்வு தாங்காது லா. யாரு இப்படித் தொறக்கச் சொன்னா?" என்று கேட்டார்.

சேகர் குனிந்து ஹோஸைச் சுருட்டினான். என்னைப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் நீ கேட்க வேண்டும். அந்தத் தண்ணீர் தொட்டிக்குப் போவதற்கு முன்னாலேயே ஒழுகியது. கழிவு இல்லை, மூத்திரம் இல்லை. நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர், அக்கா. நல்ல தண்ணீர். ஒருதரம் குனிந்து மோந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நானோ அதைப் பார்த்தவுடன் தீட்டு என்று மஞ்சள் தண்ணீர் தெளித்தேன்.

புது வால்வு மாட்டியாயிற்று. தண்ணீர் வேகத்தைக் குறைக்கிற ஒன்றையும் ஹோஸ் வாயில் சேகர் பொருத்தியிருக்கிறான். சுவர் ஓரத்தில் டிஷ்யூ பேப்பர் வைத்து மூன்று தடவை கழுவிப் பார்த்தான். பேப்பர் நனையவில்லை. மலர் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள். பேசச் சொல்லி நான் கேட்கவில்லை.

இந்த ஆடிக்கு வண்டியில் கலும்பாங் போவேன். பானையைத் தொடமாட்டேன். முதல் கை அரிசியை உன் பேரைச் சொல்லி மலர் போடட்டும். அதற்கு முன்னால், போன வருஷம் நின்ற அதே பங்காளிகளை நிற்கவைத்து, அந்தச் சிரித்த பெண்ணையும் கூப்பிட்டு வைத்துச் சொல்வேன்: "எங்க அக்கா வண்டிய ஈரமாக்கல. நான்தான் பழி போட்டேன்." பழசை ஏன் கிளறுகிறாய் என்று யாராவது தடுத்தால், சத்தமாக இன்னொரு தரம் சொல்வேன். பிறகு அவர்கள் என்னை எங்கே உட்காரச் சொல்கிறார்களோ, அங்கே உட்காருவேன்.

இப்படிக்கு,
உன் சேலையைத் தொட்டுப் பார்க்காத ஓரகத்தி,
சின்னவள் அஞ்சலை