பையை விட்டு வெளியே வராத இரும்பு

அண்ணா, உன் இரும்புத் துண்டில் துரு ஏறிவிட்டது.

உன் காரியம் முடிந்து நான் ஓசூருக்குக் கிளம்பும்போது அண்ணி அதை ஒரு துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "உங்க அண்ணன் வாரா வாரம் தேங்காயெண்ண தடவுவாரு. எனக்கு அது எதுக்குன்னே தெரியல பாப்பா, நீயே வெச்சுக்கோ" என்றார். இன்று காலை அலமாரியைத் துடைக்கும்போது கையில் பட்டது. எண்ணெய் வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஓரத்தில் மட்டும் செம்மண் நிறம்.

நீ ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தபோது செய்தது. சதுரமாக ஒரு துண்டு, அது போய் உட்கார இன்னொரு துண்டில் சதுர வெட்டு. எல்லாம் கையால், அரத்தால் ராவியது. இரண்டையும் சேர்த்து வெயிலுக்கு நேராகப் பிடித்து, "வெளிச்சம் வருதா பாரு பாப்பா" என்பாய். ஒரு பொட்டு வெளிச்சம் வராது. அந்த வயதில் ராயக்கோட்டையிலேயே பெரிய ஆள் நீதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே மயிரிழைக் கனத்தைக்கூட அளக்கிற ஒரு மைக்ரோமீட்டர் இருந்ததாகச் சொல்வாய். கண்ணாடி பீரோவுக்குள், பூட்டி. உடைந்தால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டுமே என்று உங்கள் வாத்தியாருக்குப் பயம். பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. பாடம் நடத்த முழங்கை நீளத்தில் மரத்தால் செய்த ஒரு மாதிரி வைத்திருந்தார்கள். அதைத் திருகித் திருகி அளவு படிக்கக் கற்றுக்கொண்டாய். பரீட்சையில் நல்ல மார்க். நிஜமானதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

ஓசூரில் அப்போது புதுப்புது கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. அங்கே மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனிக்கு நீ இன்டர்வியூவுக்குப் போன அன்று, அம்மா இஸ்திரி போட்ட சட்டையைக் கொடுத்தாள். பைக்குள் சர்ட்டிபிகேட்டும், துணியில் சுற்றிய இந்த இரும்பும். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியவன் பையைத் திறக்காமலே ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாய்.

"என்னாச்சுண்ணா?"

"மைக்ரோமீட்டரக் கையில குடுத்து ஒரு கம்பிய அளக்கச் சொன்னாங்க பாப்பா. நல்லா இறுக்கிட்டேன். மரத்துல அப்படித்தானே திருகுவோம். அளவு குறைச்சலா வந்துடுச்சு. 'இது என்ன குழாயாப்பா, இந்த இறுக்கு இறுக்குற, ஐ.டி.ஐ.ல என்னதான் சொல்லித் தராங்க'ன்னு சிரிச்சாங்க."

"நீ செஞ்சதக் காட்டலையா?"

"கேக்கலியே."

இதைச் சொன்ன உன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாதது. பிளஸ் டூ முடித்த என்னை, கடிகார உதிரிப்பாகம் செய்யும் கம்பெனியில் கூப்பிட்டார்கள். "தொழில் எதாவது படிச்சிருக்கியாம்மா?" "இல்லீங்க சார்." "நல்லதாப் போச்சு, நாங்களே பழக்கிக்கிறோம்." எதுவும் தெரியாததால் எனக்கு வேலை. படித்ததால் உனக்கு இல்லை. இந்த நியாயத்தை யாரிடம் போய்க் கேட்பது?

முதல் வாரமே ஆளுக்கொரு மைக்ரோமீட்டர் கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் தளிப் பக்கத்துக் கன்னடக்காரர். பின்னாலேயே நின்று "நிதானா, நிதானா" என்பார். முனையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைப் பிடித்துத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் வரும். அதோடு நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் உன் சுட்டுவிரலை என் இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துக் காட்டினேன். "இந்த அளவுக்குத்தாண்ணா புடிக்கணும்."

என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இவ்ளோதானா பாப்பா? ஒரு நாள் கையில குடுத்திருந்தா வந்திருக்குமே."

வந்திருக்கும் அண்ணா. ஒரு மணி நேரத்தில் வந்திருக்கும்.

பிறகு நீ எந்தக் கம்பெனிக்கும் எழுதிப் போடவில்லை. ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கூடை ஏற்றினாய், கல்யாணம் செய்துகொண்டாய், பிள்ளைகளைப் படிக்க வைத்தாய். என்னை ஒரு நாளும் பொறாமையாகப் பார்த்ததில்லை. "எந் தங்கச்சி மைக்ரோமீட்டர்ல அளக்குறா" என்று மண்டியில் எல்லோரிடமும் சொல்லுவாயாம். அது என்ன என்று அவர்களுக்கும் தெரியாது, ஆனாலும் சொல்லுவாயாம். காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை முழுக்கக் கூடை தூக்கிய காய்ப்பு. அரம் பிடித்த தழும்பு எது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான்தான் அளவுச் சோதனை வைக்கிறேன். மைக்ரோமீட்டரை முதலில் சும்மா கையில் கொடுத்து, திருப்பிப் பார்த்துப் பழகிக்கொள்ளச் சொல்கிறேன். "டைம் வேஸ்ட் பண்றீங்க மேடம்" என்று சூப்பர்வைசர் கடிந்துகொள்கிறார். கடிந்துகொள்ளட்டும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒன்று கேட்கிறேன். "நீயா செஞ்சது எதாவது பையில கொண்டாந்திருக்கியாப்பா?" இல்லக்கா என்கிறார்கள். இதுவரை ஒருவனும் கொண்டுவந்ததில்லை. கேட்காமல் அனுப்ப மட்டும் எனக்கு மனம் வரவில்லை, அண்ணா.