மருந்துப் போத்தலில் கோயில் மண்

மச்சாள்,

இன்று காலை அலுமாரியைத் துடைக்கும்போது உங்களுடைய சின்ன மண்ணிறப் போத்தல் கைக்கு வந்தது. மூடியைத் திறந்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் கசப்பு மணம் லேசாக வருகிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ தெரியவில்லை. நேற்று வைத்தியர் என் முழங்காலை அமத்திப் பார்த்துவிட்டு, உடம்பைக் குறைக்க மருந்து எழுதித் தந்தார்.

பரந்தனுக்கு அப்பால் காணி கிடைத்து நாங்கள் குடிவந்த புதிதில் என் புருசனுக்கு, உங்கள் தம்பிக்கு, நெருப்புக்காய்ச்சல் வந்தது. நான் தலைமாட்டில் இருந்து அழுதேன். நீங்கள் அம்மன் கோயிலுக்குப் போய், தம்பி எழும்பினால் வைகாசிப் பொங்கலன்று அடியழிப்பேன் என்று நேர்ந்துவிட்டு வந்தீர்கள். அவர் எழும்பிவிட்டார். ஆனால் அடியழிப்பதென்றால் கோயிலைச் சுற்றியுள்ள வீதி மணலில் விழுந்து, கை எட்டிய இடத்தில் கோடு போட்டு, எழும்பி, அந்தக் கோட்டில் நின்று திரும்பவும் விழவேண்டும். உங்களுக்கோ கதிரையிலிருந்து எழும்பவே இரண்டு பேர் வேண்டும்.

"உடம்பு மெலியிற குளிசை கொழும்பிலை இருக்காம். உம்மடை அண்ணையிட்டைச் சொல்லி எடுப்பியும் பிள்ளை" என்று கெஞ்சினீர்கள். இந்தப் போத்தல் மருந்தை எடுப்பித்தது நான்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு குறுகுறுக்கிறது.

குளிசை பசியை அடக்கியது. நீங்கள் அதை அம்மனின் அருள் என்று எடுத்துக்கொண்டீர்கள். "பாரும், அம்மாளாச்சி எனக்கு விரதம் பிடிச்சுத் தாறா" என்று சோற்றையே விட்டுவிட்டீர்கள். வெறும் தேத்தண்ணீர்தான். ஒரு மாதத்தில் சட்டை தொளதொளத்தது. பொழுதுபடும் நேரம் வாய்க்கால் ஓரமாக நடந்து வருவீர்கள். நெல்லின் மேல் மஞ்சள் வெளிச்சம் கிடக்கும். உங்கள் கால் நிலத்தில் படாததுபோல் இருக்கும். எனக்கும் அது அருளாகத்தான் பட்டது.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கையில் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கியது. பிறகு முழங்கால். சீலை முட்டினாலே கத்தினீர்கள். ஊரில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயா வந்து எல்லாம் கேட்டுவிட்டுக் கோபப்பட்டார். "பட்டினி கிடந்து கெதியா மெலிஞ்சா மூட்டிலை உப்புப் படியும். ஆர் உங்களைச் சாப்பிட வேண்டாமெண்டது?"

"ஆனையிறவு உப்பளம் என்ரை காலுக்கை வந்திட்டுது" என்று சிரித்தீர்கள். அவர் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதீர்கள். நேர்த்தி தவறினால் தம்பிக்கு ஏதும் நடந்துவிடும் என்ற பயம்.

பொங்கலன்று விடிய நான் முழுகி ஈரச்சேலையோடு வந்து நின்றேன்.

"நேர்த்தி என்ரையெல்லே?" என்று மறித்தீர்கள்.

"அவர் எனக்குப் புருசனெல்லே, மச்சாள்?"

நீங்கள் வண்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வீதி சுற்றி முடிக்கும்போது வானம் எது, மணல் எது என்று எனக்குத் தெரியவில்லை. என் நெற்றி மண்ணை வழித்தெடுத்தீர்கள். மிச்சக் குளிசைகளைக் கொட்டிவிட்டு, போத்தலில் அந்த மண்ணைப் போட்டு என் கையில் தந்தீர்கள்.

"இனி உம்மடை கால்தான் என்ரை கால். கவனமாப் பாரும்."

நேற்று வைத்தியரிடம் நான் முதலில் கேட்டது, இந்த மருந்து மூட்டுக்கு ஏதும் செய்யுமோ என்றுதான். "மெல்ல மெல்லக் குறைப்பம் அம்மா. சாப்பாட்டை மட்டும் விட்டிடாதேங்கோ" என்றார்.

காலையில் அந்த மருந்தைப் போட்டதாலோ என்னவோ, இன்று மத்தியானம் எனக்குப் பசியில்லை. ஆனாலும் உட்கார்ந்து ஒரு கோப்பை சோறு சாப்பிட்டேன், மச்சாள். உங்கள் காலுக்காக.