ஈரத்தலையோடு வந்த வெள்ளிக்கிழமை

அக்கா,

இன்று காலை அவருக்கு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக்கொண்டிருந்தபோது டிவி திரையின் அடியில் அந்த வரி ஓடியது. குற்றாலம் பேரருவியில் வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை. ஆடி மாதத்தில் நாலு முறையாவது ஓடும் வரிதான். தென்காசியில் யாரும் இதற்குத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அது மூன்று சுற்று வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னையே பிடிப்பதில்லை.

உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் நினைவு தப்பிய உங்கள் மாமியார், இந்தப் பக்கம் பக்கவாதத்தில் விழுந்த என் வீட்டுக்காரர். முதல் ஆறு மாதம் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கி என் இடுப்பைக் கெடுத்துக்கொண்டேன். ஒரு நாள் நீங்கள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டீர்கள். "ஆளத் தூக்காதட்டி. துணிய இழு" என்று சொல்லி, அவருடைய லுங்கியையே நாலாக மடித்து இடுப்புக்கு அடியில் விரித்தீர்கள். இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்தபோது மனிதர் சத்தமில்லாமல் நகர்ந்தார். ஆறு மாதத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் சத்துமாவும் கொண்டுவந்து, "சாப்பிடுதாரா? பேசுதாரா?" என்று விசாரித்துவிட்டுக் காப்பி குடித்துப் போவார்கள். அந்தக் காப்பியையும் நான்தான் போட வேண்டும். நீங்கள் சுத்தமாகப் பயமில்லாதவர். என் நாத்தனாரிடம் முகத்துக்கு நேரே, "ஆப்பிள் இருக்கட்டும்மா. ஒரு மணி நேரம் அண்ணன் பக்கத்துல இரிங்க, இவ தூங்கட்டும்" என்றீர்கள். அவள் அதற்குப் பிறகு ஆப்பிளும் கொண்டுவரவில்லை.

அப்புறம்தான் அந்த ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு மணிவரை எனக்கு, வெள்ளிக்கிழமை அதே நேரம் உங்களுக்கு. ஒருத்தி வெளியே போனால் மற்றவள் இரண்டு வாசலையும் திறந்து போட்டுக்கொண்டு இரண்டு கட்டிலையும் பார்த்துக்கொள்வது. முதல் செவ்வாய்க்கிழமை நான் மருந்துக்கடைக்கும் ரேஷன் கடைக்கும் போய்விட்டு வேகவேகமாகத் திரும்பினேன். வாசலிலேயே மறித்து என் தலையைத் தொட்டுப் பார்த்தீர்கள்.

"எங்கட்டி போன?"

"மருந்து வாங்கத்தான்க்கா."

"மருந்து வாங்கவா உனக்கு ரெண்டு மணி நேரம் தந்தேன்? அத எங்க வீட்டு அண்ணாச்சிகிட்டச் சொன்னா வாங்கிட்டு வருவாவ. பஸ் ஏறிக் குத்தாலத்துக்குப் போயி அருவில தலையக் காட்டிட்டு வா. அடுத்த வாரம் தல ஈரமில்லாம வந்தேன்னா உள்ள விடமாட்டேன், பாத்துக்கோ."

இரண்டு பேருக்கும் அதுவே சட்டமாகிவிட்டது. அருவியில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மட்டும் கோயிலில் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று கொஞ்சம் இறங்கிவந்தீர்கள். எனக்கு அந்த இரண்டு மணி நேரம் என்ன செய்தது என்று உங்களிடம் சொன்னதேயில்லை. அதற்கு முந்தைய மாதம், அவர் வாயைத் திறக்கவில்லை என்று சோற்றுக் கிண்ணத்தைச் சுவரில் எறிந்திருக்கிறேன். அருவியில் பெண்கள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றால், எட்டு மணி மாத்திரை எது, இரண்டு மணி மாத்திரை எது என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் போய்விடும். வீட்டுக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்தால் மறுபடியும் என் புருஷனாகத் தெரிவார். செவ்வாய்க்கிழமை இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. அதனால்தான் பின்னால் அப்படி நடந்துகொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன், ஆனியில் உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடியில் துணி எடுக்கப் போனால் நடுப்படியில் உட்கார்ந்துவிடுவீர்கள். டாக்டர் இருதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக்கொடுத்தார். மூன்று வாரம் அந்தச் சீட்டு உங்கள் பர்ஸுக்குள்ளேயே கிடந்தது. ஆடி முதல் வெள்ளியன்று நான் சொன்னேன், "இன்னைக்கு அருவி வேண்டாம்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க." சரி என்று தலையாட்டிவிட்டுப் போனீர்கள்.

பன்னிரண்டு மணிக்கு ஈரத்தலையோடு வந்தீர்கள். "ஆஸ்பத்திரில ஒரே கூட்டம்ட்டி. அதான் அருவிக்குப் போயிட்டேன். தண்ணி நல்லா விழுது" என்றீர்கள். என் வீட்டு டிவியில் அப்போது குற்றாலத்து வெள்ளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையிலிருந்து ஒரு ஆளையும் உள்ளே விடவில்லை, போலீஸ் கயிறு கட்டி நின்றது. நீங்கள் டிவிக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தீர்கள். நான் ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றினேன்.

கேட்டிருக்க வேண்டும். கேட்டால் கோபப்படுவீர்கள் என்று தெரியும். கோபப்பட்டால் செவ்வாய்க்கிழமை போய்விடும் என்பதும் தெரியும். பொய்யைக் கண்டுபிடித்த அந்த நிமிடமே என் கணக்கு அதில்தான் போய் நின்றது. "துவட்டிக்கோங்கக்கா, சளி பிடிச்சிரும்" என்று துண்டை எடுத்துக் கொடுத்தேன். அப்படி ஒரு கரிசனம்.

ஆவணியில் ஒரு காலை, சமையலறையில் விழுந்தீர்கள். சத்தம் எனக்குக் கேட்டது. ஆம்புலன்ஸ் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து உங்கள் வீட்டுக்காரர், அண்ணாச்சி, என்னிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை கடைப்பையனுக்கு லீவு என்பதால் நீங்கள் அந்த இரண்டு மணி நேரமும் அவருடைய பலசரக்குக் கடையில் உட்கார்ந்து பருப்புப் பொட்டலம் போடுவீர்களாம். "கிளம்பும்போது பின்னால உள்ள குழாயில தலைய நனைச்சுக்கிடுவா. ஏம்ளா இப்படின்னு ஒரு நாள் கேட்டேன். நான் நனையாமப் போனா அவ செவ்வாக்கிழமை போறத நிப்பாட்டிருவா, அவளுக்கு அது வேணும்னு சொன்னா" என்றார். அவர் அழுதார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணாச்சி உங்கள் மாமியாரைக் கூட்டிக்கொண்டு கடையநல்லூரில் தம்பி வீட்டோடு போய்விட்டார். உங்கள் வீட்டில் இப்போது இலத்தூர்ப் பெண் ஒருத்தி வாடகைக்கு இருக்கிறாள். அவள் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து படுக்கை. செவ்வாயும் வெள்ளியும் மறுபடி ஓடுகிறது. அவளுக்கு ஒரு மாதமாகத் தலைசுற்றல். போன வெள்ளி டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று போனவள், ரேஷன் அரிசிப் பையோடு வந்தாள். "ஒண்ணுமில்லன்னுட்டாரு அத்தை" என்றாள்.

"சீட்டக் காட்டு."

காட்டவில்லை. "நீ போகல. பொய் சொல்லுத" என்றேன். முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு என்ன வந்தது? என் உடம்ப எனக்குப் பாக்கத் தெரியும்" என்று கதவைச் சாத்தினாள். செவ்வாய்க்கிழமை போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. திங்கள் காலை ஏழு மணிக்குச் சீவி முடித்து, ஃபைலோடு வாசலில் நின்றாள். "அண்ணனை வரச் சொல்லிட்டேன் அத்தை. அப்பாவையும் மாமாவையும் அவன் பாத்துக்கிடுவான். நீங்க என்கூட டாக்டர்ட்ட வருதீங்களா?" என்றாள்.

போனோம். ரத்தம் குறைவு என்று மாத்திரை எழுதினார்கள், மூன்று மாதத்தில் சரியாகிவிடுமாம்.

இரண்டு நாள்தான் அக்கா. உங்களோடும் ஒரு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கலாம்.