நாற்பது மீட்டருக்கு ஒரு வாய்க் காற்று

பிப்ரவரி 3

அன்பு மகளுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. ஆகவே இதைத் தபால்காரர் கையில் கொடுக்கிறேன். அவரை உன்னால் கட் செய்ய முடியாது. நானும் அப்பாவும் சௌக்கியம். என் இடது காது நன்றாக ஆறிவிட்டது. காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, "சவ்வு நல்லா சேந்துடுச்சு, இறங்கலாம்" என்று சொல்லி எழுதியும் கொடுத்தார். அந்தச் சீட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். என் வாய்ச் சொல்லை நம்பமாட்டாய் என்று தெரியும்.

போன வருடம் செய்தது தப்புதான். முப்பது மீட்டர் ஆழத்தில் காது அடைத்தது, வலித்தது. இன்னும் கொஞ்சம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். சவ்வு கிழிந்தது. உன்னிடம் சளி என்று சொன்னேன், அப்பாவையும் அப்படியே சொல்ல வைத்தேன். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. பத்து நாள் தாக்குப்பிடித்ததே பெரிது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் ஆழப் போட்டி. முதுகில் சிலிண்டர் இல்லாமல், ஒரே மூச்சில், கயிற்றை ஒட்டி இறங்கி, அடியில் தொங்கும் தட்டிலிருந்து ஒரு சீட்டைப் பிய்த்துக்கொண்டு மேலே வர வேண்டும். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் பிரிவில் நாற்பது மீட்டர் இறங்க ஆசை. மூச்சு போதும், கால் போதும், காதுதான் முப்பத்தொன்றில் மூடிக்கொள்கிறது. பயிற்சியாளர் மீசைக்காரர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். தொண்டை, நாக்கு, அண்ணம் எல்லாம் உன் தொழில். பேச்சு வராதவர்களுக்கும் விழுங்க முடியாதவர்களுக்கும் நாள் முழுக்க அதைத்தானே சொல்லிக் கொடுக்கிறாய். பெற்றவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்தபடி,
அம்மா


பிப்ரவரி 9

அம்மா,

கடிதமும் டாக்டர் சீட்டும் வந்தன. டாக்டருக்குப் போன் செய்தும் கேட்டேன். கோபித்துக்கொள்ளாதே. "அடுத்தவங்க சொன்னாங்கன்னு வண்டியை எடுக்காத, நீயே பிரேக்கை மிதிச்சுப் பாரு" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீதான்.

நீ கடலில் இறங்குவது எனக்குக் கோபம் இல்லை. ஐம்பத்துநாலு வயதில் என் அம்மா மூச்சடக்கி முப்பது மீட்டர் போகிறாள் என்று இங்கே எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். ஒரு காது கேட்காமல் பத்து நாள் என்னிடம் போனில் சிரித்துச் சிரித்துப் பேசினாயே, அதுதான் தாங்கவில்லை. இனி நீ "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் நான் எதை நம்புவது?

உதவுகிறேன், ஆனால் இரண்டு நிபந்தனை. காது திறக்காவிட்டால் ஒரு சாண்கூட அழுத்திக்கொண்டு இறங்கக் கூடாது. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் உனக்கும் எனக்கும் நடுவில் பேச எதுவும் மிஞ்சாது. விளையாட்டாகச் சொல்லவில்லை.

மேலிருந்து முப்பத்தொன்று வரை உன் வாய், தொண்டை, கழுத்து ஒவ்வொன்றும் என்ன செய்கிறது? எதையும் விடாமல் எழுது.

மகள்


பிப்ரவரி 15

அன்பு மகளுக்கு,

நிபந்தனை இரண்டும் சம்மதம். அப்பா சாட்சி.

கடைசி மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு தலைகீழாகக் கவிழ்வேன். ஒரு கை மூக்கைப் பிடித்திருக்கும். கவிழ்ந்த உடனே முதல் தடவை காதைத் திறந்துவிட வேண்டும். பிறகு வலிக்கக் காத்திருக்காமல் மீட்டருக்கு ஒரு தடவை. புதிதாக வருகிறவர்கள் நெஞ்சிலிருந்து முக்கி ஊதிப் பார்ப்பார்கள். தலைகீழாக இருக்கும்போது அது கொஞ்ச தூரம்தான் செல்லும். சரியான வழி என்னவென்றால், மூச்சுக்குழலின் வாசலைச் சாத்திவிட்டு, வாயில் இருக்கும் காற்றை மட்டும் நாக்கின் அடிப்பகுதியால் மேலே தள்ளுவது. சத்தம் வராமல் 'க்' சொல்வதுபோல. இரண்டு காதும் 'டிக்'கென்று திறக்கும். இது வரைக்கும் எனக்குத் தண்ணி பட்ட பாடு.

ஆழம் கூடக் கூட நெஞ்சுக்குள் இருக்கும் காற்று சுருங்கிவிடும், வாய்க்கு எடுக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் இருபத்திரண்டிலேயே நெஞ்சிலிருந்து வாய் நிறையக் கொண்டுவந்து, கன்னம் உப்ப வைத்துக்கொண்டு, தொண்டையைச் சாத்திவிட வேண்டும். அந்த ஒரு வாய்க் காற்றைக் கொண்டுதான் நாற்பது வரை ஓட்ட வேண்டும். என்னுடையது முப்பத்தொன்றில் காணாமல் போகிறது. கன்னம் திடீரென்று ஒட்டிவிடுகிறது. நான் விழுங்கவில்லை, சத்தியமாக.

கழுத்தைப் பற்றிக் கேட்டாய். அதற்கென்ன, அது பாட்டுக்கு இருக்கிறது. முப்பது வந்ததும் தட்டு இன்னும் எவ்வளவு தூரம் என்று ஒரு பார்வை பார்ப்பேன், அவ்வளவுதான்.

அம்மா


பிப்ரவரி 21

அம்மா,

அந்த ஒரு பார்வைதான் திருடன்.

பக்கவாதம் வந்தவர்கள் விழுங்கும்போது தண்ணீர் தப்பான வழியில் போகாமல் இருக்க, "தாடையை நெஞ்சுப் பக்கம் கொண்டு வாங்க" என்று தினமும் பத்துப் பேரிடமாவது சொல்கிறேன். நீ தலைகீழாகப் போகும்போது தட்டைப் பார்க்க வேண்டுமானால் தாடையைத் தூக்க வேண்டும். தொண்டையின் முன்பக்கம் இழுபடுகிறது, நீ சாத்திய கதவு திறந்துகொள்கிறது, கன்னத்தில் சேர்த்து வைத்த காற்று வந்த வழியே நெஞ்சுக்குப் போய்விடுகிறது. உனக்குத் தெரிவதுகூட இல்லை.

இது உன் தொழில் செய்த வேலை. முப்பது வருடம் ஓட்டுநர் பள்ளியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "மூக்குக்கு முன்னாடியே பாக்காத, தூரமா பாரு" என்று ஊரையே மிரட்டினாய். தண்ணீருக்குள் அதைத் தலைகீழாக மாற்று. மூக்குக்கு முன்னால் இருக்கும் கயிற்றை மட்டும் பார்.

வீட்டில் செய்ய வேண்டியது: கன்னம் நிறையக் காற்று, மூக்கைப் பிடித்துக்கொள், தொண்டையைச் சாத்து. ஒரே நிறைப்பில் மெதுவாக இருபது தடவை காதைத் திறக்க வேண்டும். பிறகு தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் பார், கதவு எந்த இடத்தில் நழுவுகிறது என்று உனக்கே தெரியும்.

மகள்


மார்ச் 14

அன்பு மகளுக்கு,

நீ சொன்னது நூற்றுக்கு நூறு. தாடையை நான்கு விரல்கடை தூக்கியதும் காற்று 'களுக்'கென்று உள்ளே ஓடிவிட்டது. கண்ணாடி முன் நின்று கையும் களவுமாகப் பிடித்தேன்.

மூன்று வாரமாக வீட்டில் கன்னம் உப்பியபடியே திரிகிறேன். தாடையைத் தூக்காமல் இருக்க, சுருட்டிய சாக்ஸ் ஒன்றைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு துணி தேய்க்கிறேன். அப்பா சொல்கிறார், "கல்யாணம் ஆனதிலேருந்து இந்த வீடு இவ்வளவு அமைதியா இருந்ததே இல்ல. உன் பொண்ணுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதணும்."

இதில் ஒரு வம்பும் வந்து சேர்ந்தது. போன ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம் என்று கன்னத்தில் காற்றை நிரப்பிக்கொண்டு பதினாறு, பதினேழு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு வக்கீல் எழுந்து, "அடுத்த செயலாளரா இவங்களையே போட்டுடலாம், மறுப்பு இருந்தா சொல்லட்டும்" என்றார். பதினெட்டில் இருந்தேன். இருபதை முடித்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் கைதட்டி முடித்துவிட்டார்கள். இப்போது தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என் தலையில்.

கடலில் நேற்று முப்பத்தாறு. கயிற்றின் பின்னலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. காது வலிக்கவில்லை. மீசைக்காரர் படகில் ஒரு குதி குதித்ததில் படகே ஆடியது. போட்டியில் இரண்டு ஞாயிறு, இரண்டு வாய்ப்பு. பெயர் கொடுத்துவிட்டேன்.

செயலாளர் அம்மா


ஏப்ரல் 6

அன்பு மகளுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலிருந்தே மனசு ஒரு நிலையில் இல்லை. முப்பத்தைந்து வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. தாடை இறங்கித்தான் இருந்தது, கன்னத்தில் காற்றும் இருந்தது. தட்டில் கட்டிய விளக்கின் வெளிச்சம் கயிற்றில் படுவது தலையைத் தூக்காமலே தெரிந்தது. அப்போது இடது காது திறக்கவில்லை. மறுபடி தள்ளினேன், அண்ணம் மரம்போல் இறுகிக் கிடந்தது. வலி வரவில்லை, வரப்போகிறது என்று தெரிந்தது. இன்னும் நாலைந்து நொடி அப்படியே போயிருந்தால் சீட்டு என் கையில். அழுத்தினேனா இல்லையா என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

திரும்பிவிட்டேன். மேலே வந்து கையில் கட்டிய ஆழம் காட்டும் கடிகாரத்தைப் பார்த்தால் முப்பத்தேழு. நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். சீட்டு இல்லை என்று அர்த்தம், வெள்ளை காட்டினால்தான் முழு வெற்றி.

என்னோடு இறங்குகிற ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி, "மூணு மீட்டர்தானே, கொஞ்சம் தம் கட்டியிருக்கலாமே" என்றாள். உடை மாற்றும் அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். இதையும் மறைக்கவில்லை. ஒரு சாண்கூட அழுத்தவில்லை. டாக்டர் அன்றே பார்த்துவிட்டார், காது சுத்தம்.

அம்மா


ஏப்ரல் 9

அம்மா,

ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்கட்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன்.

உன் கடிதத்தைச் சிகிச்சை அறையிலேயே நின்றுகொண்டு படித்தேன். கூட வேலை செய்கிறவள், "என்ன, உங்க அம்மா ஜெயிச்சுட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

யாருக்கும் தெரிந்திருக்காத இடத்தில் நீ திரும்பினாய். அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? இனி நீ நல்லா இருக்கேன் என்று சொன்னால், நல்லாத்தான் இருக்கிறாய். இவ்வளவு நாள் போனை எடுக்காமல் இருந்ததற்கு வெட்கப்படுகிறேன்.

அண்ணம் இறுகியது பதற்றத்தால். தண்ணீரில் படுத்து மூச்சைத் தயார்செய்யும்போது, வாயைத் திறக்காமல் பாதிக் கொட்டாவி விடு. அண்ணம் மேலே போய்த் தளர்ந்து இறங்கும். நாலைந்து தடவை போதும். நாற்பது வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

உன் மகள்


ஏப்ரல் 15

என் கண்ணுக்கு,

உனக்கு ஒன்றுதான். எனக்கு ஒன்று இல்லை, தெரிந்துகொள்.

ஞாயிறு போனில் "வெள்ளை அட்டை" என்று சொன்னதோடு சரி. பாக்கியை நீயும் அழுது நானும் அழுது கெடுத்துவிட்டோம். முழுசாக இப்போது படி.

கொட்டாவி விட்டு விட்டு, நிஜமாகவே தூக்கம் வந்துவிடுமோ என்று பயமாகிவிட்டது. கவிழ்ந்தேன். இருபத்திரண்டில் வாயை நிரப்பிச் சாத்தினேன். அதற்கப்புறம் உதைக்கக்கூட வேண்டியதில்லை, உடம்பு தானாகக் கீழே விழும். கயிறு மூக்குக்கு முன்னால் ஓடுகிறது. காது டிக், டிக், டிக். நின்ற இடமே இல்லை. முப்பத்தேழு எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. திடீரென்று கயிறு முடிந்து, தட்டு கையில் இடித்தது. கன்னத்தில் இன்னும் காற்று மிச்சம். சீட்டைப் பிய்த்தபோது அவ்வளவு ஆழத்தில் சிரித்தேன், மிச்சக் காற்றும் போய்விட்டது. போகட்டும், ஏறும்போது அது தேவையில்லை.

மேலே வந்ததும் பதினைந்து நொடிக்குள் முகக்கண்ணாடியைக் கழற்றி, விரலால் சைகை காட்டி, நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த வரிசை மாறினாலும் போச்சு. கழற்றினேன், காட்டினேன், சொன்னேன். உன்னிடம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். வெள்ளை அட்டை உயர்ந்தது. மீசைக்காரர் துணிமணியோடு தண்ணீரில் குதித்தார். அப்பா படகில் நின்று கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது, மூன்று நாளாக எனக்கு வீட்டில் அமைதி. பிரிவில் நான்தான் முதல். நர்ஸ் முப்பத்தைந்தில் இரண்டாவது. அவளுக்கும் தாடை விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று. நவம்பரில் அடுத்த போட்டி. நாற்பத்தைந்து என்று இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மீசைக்காரருக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நல்லா இருக்கும்,
உன் அம்மா