நான் பார்த்தது வேறு விமானம்

அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம்தான். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் இருக்கேம்மா என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய், அதனால் தாளில் கேட்கிறேன், தாளில் என்னை இடைமறிக்க முடியாது. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, முதுகுவலி விட்டதா, மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி மட்டும் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குகிறார், சிரித்தால் கோபம் வருகிறது. உன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துப் போட்டிருக்கிறார். யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன், சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

நான் பத்து நாளாக வேலைக்குப் போகாததற்குக் காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னாராமே. முப்பது வருஷம் ஒரு விமானியோடு குடித்தனம் நடத்தியும் அவருக்கு ஒரு பொய் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. நடந்ததை நானே சொல்கிறேன், பயப்படாமல் படி, எல்லாம் முடிந்துபோன விஷயம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், நூற்றறுபது பேரோடு இறங்கிக்கொண்டிருந்தேன். ஓடுபாதை நேர் எதிரே தெரிகிறது, சக்கரத்தையும் இறக்கியாயிற்று, மூன்று நிமிடத்தில் தரை. ஆறு வாரமாகக் கூப்பிடாமல் இருந்து, அன்றைக்கு நாலு மணிக்குக் கூப்பிடுவதாக நீ சொல்லியிருந்தாய் அல்லவா, ஏற்கெனவே தாமதமாகிவிட்டதால் எனக்கு எப்படியாவது இறங்கினால் போதும் என்றிருந்தது. அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு புள்ளி மஞ்சளாக மாறி, பக்கத்தில் விமானம் என்று கருவி குரல் கொடுத்தது. வலது பக்கம் ஒரு சின்னப் பயிற்சி விமானம் வழி தவறி வருகிறது, தெரிகிறதா என்று தரைக் கட்டுப்பாட்டிலிருந்தும் கேட்டார்கள். எட்டிப் பார்த்தேன், வெள்ளையாக ஒன்று எங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது, தெரிகிறது என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

என் துணை விமானி பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தாமதமாக இந்த வேலைக்கு வந்தவர், அதனால் எல்லாருக்கும் அவர் வாத்தியார்தான். அவர் மைக்கைத் தொடவில்லை. தன் பக்கத்து ஜன்னலில் முகத்தை ஒட்டிக் கீழே பார்த்துவிட்டு, "கேப்டன், அது இல்ல. இன்னொண்ணு கீழேருந்து ஏறி வருது" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, புள்ளி சிவப்பாகிவிட்டது, மேலே ஏறு ஏறு என்று கருவி கத்துகிறது. உன்னிடம் மறைக்க மாட்டேன், ஒரு நொடி என் கை அசையவில்லை. நான்தான் பார்த்துவிட்டேனே, இது எதற்குக் கத்துகிறது என்று ஒரு வீம்பு. அப்புறம் இழுத்தேன். இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்து வைத்திருக்கும்போது மேலே ஏற்றுவது சாப்பிட்டுப் படுத்த உன் அப்பாவை எழுப்புவது மாதிரி, ஆனாலும் எழுந்துவிட்டது. அந்தச் சின்ன விமானம் எங்கள் அடியில் நுழைந்து என் பக்கம் வெளியே வந்தது. இறக்கையில் மஞ்சள் பட்டை, உள்ளே ஒரு தலை. அந்தத் தலை எங்களை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. நம் தெருவின் நீளம்கூட இருக்காது அந்த இடைவெளி.

சுற்றி வந்து இருபது நிமிடம் கழித்து இறங்கினோம். அந்தப் பயிற்சி விமானத்தை ஓட்டியவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தனியாகப் பறந்தாராம், அவரும் பத்திரம். விமான வாசலில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, சொன்ன நேரத்துக்கு வந்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அறிக்கையில், கருவி எச்சரித்தது, ஏறினேன் என்று இரண்டு வரி எழுதினால் போதும், ஒருவரும் மேலே கேட்டிருக்க மாட்டார்கள். வாத்தியாரும் உங்கள் இஷ்டம் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு விமானத்தைப் பார்த்து இதுதான் என்று நினைத்தேன், இறங்கிவிட வேண்டும் என்ற அவசரம்தான் அப்படி நினைக்க வைத்தது, கையும் ஒரு நொடி தாமதித்தது என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் உட்கார வைத்து, மறுபடி பரீட்சை வைத்தார்கள். நேற்று தேறிவிட்டேன். வெள்ளிக்கிழமை மறுபடி ஓட்டுகிறேன், வலப்பக்கம் வாத்தியார்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஏறும்போது உன் ஞாபகம் வந்ததா என்று கேட்பாய். வரவில்லை, கண்ணு. எல்லாரும் இறங்கிப்போன பிறகு காலி விமானத்தில் போனைத் திறந்தேன், உன் அழைப்பு ஒன்று தவறியிருந்தது. ஒன்றே ஒன்று. பயணிகள் இருக்கை ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன். பத்து நாள் சும்மா வீட்டில் இருந்ததில் ஒன்று தெரிந்தது, விமானம் ஓட்டுவதைவிட ஒருவருக்காகக் காத்துக்கொண்டிருப்பது கஷ்டமான வேலை. அதை உன்னை ஆறு வயதிலேயே செய்ய வைத்துவிட்டேன். அம்மா இறங்கிட்டாளா, அம்மா இறங்கிட்டாளா என்று அப்பாவை நச்சரிப்பாயாமே. இப்போது நீ ஆபீசிலிருந்து வந்திருப்பாயா என்று நான் அவரை நச்சரிக்கிறேன்.

அடுத்த மாதம் ஒரு வாரம் விடுப்பு எடுத்து, உன்னைக் கேட்காமலே டிக்கெட் போட்டுவிட்டேன். நீ லீவு போடாதே, எங்கேயும் கூட்டிப் போகவும் வேண்டாம். காலையில் கிளம்பும்போது சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போ. நீ எத்தனை மணிக்குத் திரும்பினாலும் கதவைத் திறக்கிற ஆள் நானாக இருக்க வேண்டும், அந்த ஒரு வாரமாவது.

எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது இரு. முதுகுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை விடாதே.

உன் வரவையே எண்ணிக்கொண்டிருக்கும்,
அம்மா